சொல்லாத பெயர்

அண்ணன் லிவியு பிறந்தது அறுபத்தேழு ஜூனில்.
கலாட்சி நகரத்துப் பிரசவ விடுதியில் அப்போது
கட்டிலுக்கு இரண்டு தாய்மார்.
அந்த வருடத்துப் பிள்ளைகளை
ஆணைப் பிள்ளைகள் என்றே கூப்பிட்டார்கள்,
வசவாக இல்லை, வீட்டுப்பெயர் மாதிரி.

முந்தைய அக்டோபரில்
அம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது கிளினிக்.
சனிக்கிழமை ஆணை வந்துவிட்டது.
இதை அவளே அவனிடம் சொன்னாளாம்,
தக்காளி நறுக்கிக்கொண்டே,
பேருந்தைத் தவறவிட்ட கதை போல.
அவனுக்கு ஏழு வயது.
அந்த இரண்டு நாள்மேல்தான்
இன்றுவரை வீடு கட்டிக் குடியிருக்கிறான்.

எனக்கு வேறு நாள்.
எழுபத்துநான்கு, பிப்ரவரி, ஐந்தாவது கர்ப்பம்.
எனக்கு நினைவிருப்பது
நீலப் பூப்போட்ட எனாமல் பேசின் மட்டும்.
மற்றதெல்லாம் கேட்டது:
கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த மிலீசியாக்காரன்,
மடியில் நோட்டு,
கையுறை மாட்டிக்கொண்டு காத்து நின்ற டாக்டர்.
யார் செய்தது, பெயரைச் சொல்,
சொன்னால் தொடங்கலாம்.
அம்மா தண்ணீர் கேட்டாள்.
பிறகு ஒரு பெயர் சொன்னாள், இரண்டு தடவை:
ஃபிலோஃப்தேயா.
அவள் பெயர் அது.

மூன்றாம் மாடி சம்ஃபிரா
எஃகு ஆலையில் கிரேன் ஓட்டினாள்.
பதினோரு வருடம் எங்களுக்குச் சூப் கொண்டுவந்தாள்,
என் தலையில் பேன் பார்த்தாள்,
லிவியுவின் மருத்துவக் கல்லூரிச் சட்டைக்குக் காலர் திருப்பித் தைத்தாள்.
ஆணை ரத்தான குளிர்காலத்தில்
ஆரஞ்சுக்கு நின்ற வரிசையில்,
முன்னால் நின்றவள் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்:
"உங்கம்மா சொல்லாத பெயர் என்னுடையது."
என் பையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தேன்.
மறுநாள் போய்
ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன்.

லிவியு இப்போது அதே ஆஸ்பத்திரியில்.
மனசாட்சி காரணமாகச் செய்வதில்லை என்று
கையெழுத்துப் போட்டவர்களில் முதல் ஆள்.
சட்டம் அனுமதிக்கிறது, அவனும் சட்டப்படியே மறுக்கிறான்.
அவன் திருப்பி அனுப்புகிறவர்களை
நான் என் காரில் புக்கரெஸ்டுக்குக் கொண்டுபோகிறேன்.
நாலு மணி நேரம்.
சிலர் வாந்தியெடுப்பார்கள்,
டாஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.
அவனுக்குத் தெரியும்.
போன நவம்பரில் என் டயர்கள் தேய்ந்ததைப் பார்த்து
நாலையும் மாற்றிக் கொடுத்தான்.
"ரோடு மோசம்" என்றான்.
எந்த ரோடு என்று நானும் கேட்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கல்லறையில் சந்திப்போம்.
வேகவைத்த கோதுமை, வால்நட், சர்க்கரை,
ஒரே கிண்ணம், இரண்டு ஸ்பூன்.
இந்த வருடம் தூறல்.
"அந்தத் திங்கட்கிழமை கதவு திறந்திருந்தால்
உனக்கு யார் குடை பிடிப்பது?" என்றான்.
என்னிடம் பதில் இல்லை.
இருந்ததே இல்லை.
எனக்கு இவனும் வேண்டும்,
அவளும் வேண்டும்.

பிறகு அவன் குரல் இறங்கியது.
"ஒரு பெயர்தானே. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள்.
யாராக இருக்கும்? உனக்குத் தெரியுமா?"

ஞாயிறுதோறும் மூன்றாம் மாடி ஏறி
சம்ஃபிராவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவன் அவன்தான்.
காசு வாங்க மாட்டான்.
"என் ராசாத்திக் கிழவி" என்பான்.

கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.
கோதுமை சரியாக வேகவில்லை.
மெல்லுகிறேன்.