முழங்காலுக்குக் கீழே

மாவட்டப் போட்டியில் எனக்கு வெள்ளி வாங்கித் தந்தது
சுழன்று அடிக்கும் உதை.
குதிகால் காற்றில் ஒரு வட்டம் போட்டு
எதிராளியின் தலைக்கவசத்தில் போய் இறங்கும்.
அது நாகர்கோவிலில். ரப்பர் விரிப்பு இருந்தது,
நடுவர் இருந்தார்,
கீழே விழுந்தவனை எழுப்பிவிட ஆள் இருந்தது.

ஜலீபில் விரிப்பு கிடையாது.
ஹசாவித் தெரு பாதி மணல், பாதி சாக்கடைத் தண்ணீர்.
மணலில் ஊன்றிய பாதம் திரும்பாது,
முழங்கால் மட்டும் திரும்பும்.
வந்த முதல் மாதமே இதை
யாரையும் அடிக்காமல் கற்றுக்கொண்டேன்.

வியாழன் இரவு அரிசி ஊறிக்கொண்டிருக்க
சகாயம் ஆரம்பிப்பான்:
"லேய் பிளாக் பெல்ட்டு, எவனாவது வழிமறிச்சா
எந்த அடி போடுவ?"
சம்பள வாரம். யாரும் சிரிக்கவில்லை.
போன மாதம்தான் மொக்லேசை
எக்ஸ்சேஞ்சுக்குப் பின்சந்தில் நிறுத்தி
தொண்ணூறு தினாரும் பத்தாக்காவும் பிடுங்கினார்கள்.
பணத்துக்கு அழாதவன்
பத்தாக்காவுக்கு அழுதான்.

ஆறு பேர் படுக்கும் அறையில் செய்து காட்டினேன்.
தலைக்கு உயர்த்திய உதை
மேல்கட்டில் கம்பியில் பட்டு
சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறமானது.
கவர்ஆல் போட்டால் அதுவும் ஏறாது,
துணி தொடையைப் பிடித்துக்கொள்ளும்.
பக்கவாட்டில் அடிப்பது பலம்தான்,
ஆனால் ஒரு நொடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.
வருகிறவர்களோ இரண்டு பேர்.
குதித்து அடிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மிஞ்சியது ஒன்றரை உதை.
பூட்டிய கதவைத் திறப்பதுபோல்
இடுப்பெலும்பில் வைத்துத் தள்ளுவது ஒன்று.
இன்னொன்று காலின் முன்னெலும்பில்,
கையை ஓங்கி ஏமாற்றிக்கொண்டே
கீழே போடுவது. அது அரை.

"இதுக்கு எதுக்குல பெல்ட்டு?
எங்க ஊரு கழுதையே போடுமே."
"கழுதைக்கு இது கிடையாது" என்று தில்பகதூர்
கட்டிலுக்கடியில் கைகாட்டினான்.
இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ.
கம்பெனி ஏழு தினார் பிடித்துக்கொண்டு கொடுத்தது.

மார்ச் மாதம், தூசிக்காற்று இரவு.
இரண்டு பேர்.
ஒருவன் கையில் கார்ப்பெட் அறுக்கும் கத்தி,
மற்றவன் அவசரமே இல்லாமல் சிகரெட்டை அணைத்தான்.
பழக்கம், கண் தூரத்தை அளந்துவிட்டது:
ஒரு காலும் ஒரு சாணும்.
கத்திக்காரனின் முழங்கால் விளக்கொளியில்
பாடப்புத்தகப் படம்போல் தெளிவாக இருந்தது.
அது பின்னால் மடங்கினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது.
ஸ்டேஷன், படிக்கத் தெரியாத காகிதம்,
பெருவிரல் ரேகை, விமானம்.
மடங்காவிட்டால் கத்தி.

கால் என்னைக் கேட்கவில்லை.
பக்கத்தில் நின்ற வெள்ளைப் பஜேரோவின் பின்கதவில்
முழு இடுப்பும் சேர்த்து ஒரு உதை.

அலறியது வண்டி.
தெருவில் நின்ற மற்ற இரண்டு வண்டிகளும் ஏனோ சேர்ந்துகொண்டன.
ஜன்னல் ஜன்னலாக விளக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து அரபியில் ஒரு வசவு,
குப்பைத்தொட்டியிலிருந்து நான்கு பூனைகள்.
அவர்கள் ஒரு பக்கம் ஓட
நான் மறுபக்கம்,
ஷூவுக்குள் மணல் நிறைய, சம்பளம் ஜட்டிக்குள் இருக்க.

"எதுல போட்ட?" சகாயம் விடவில்லை.
"முழங்காலுக்குக் கீழே" என்றேன்.
மறுநாள் எழுபது தினார் ஊருக்குப் போனது.

பஜேரோ கீழ்வீட்டு மிஸ்ரிக்காரருடையது.
கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்.
தினமும் காலை ஐந்து மணிக்கு
பஸ்ஸுக்குப் போகும் எங்களை அவர் நிறுத்தி,
யார் செய்தது என்று
ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்.

ஷூ மூக்கில் ஒட்டிய வெள்ளைப் பெயின்ட்
தின்னர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
இதுவரை முகத்தைத்தான் பார்க்கிறார்.