பங்கேற்பாளர் நாற்பத்தேழு

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
இந்த ஆய்வகத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?
குழந்தைகளைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தேன்.
எல்லாரும் அதையேதான் எழுதறாங்க என்றாள் டாரினா,
முனைவர் பட்டம், நான்காம் வருடம்,
நாற்காலியில் சம்மணமிட்டு.
"உனக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்குமா?"

சம்பளம் கிடையாது. மூன்று கிரெடிட்.
வாரம் ஒன்பது மணி நேரம்.
சஸ்கட்டூனில் ஜனவரி,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
நிறுத்திய காருக்கும் பிளக் சொருகி வைக்கிற ஊர்.

முதல் மாதம் பொம்மைகளைக் கழுவினேன்.
பெற்றோருக்கு ஃபோன் போட்டேன்,
பாதிப் பேர் வீட்டில் அது தூங்க வைக்கும் நேரம்.
இரண்டாம் மாதம் என் முகத்தைப் பழக்கினேன்.
சிரிக்கலாம், எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு.
சபாஷ் கூடாது. சமத்து கூடவே கூடாது.
சரி என்று சொல்லலாம்,
அதையும் தட்டையாக.
கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று
சரி, சரி, சரி என்று சொல்லிப் பார்த்தேன்.
கை கழுவ வந்த யாரோ ஒருத்தி
எல்லாம் சரியாயிடும் என்று
தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

சோதனை எளிது.
குழந்தை சுவரைப் பார்த்து உட்காரும்.
முதுகுக்குப் பின்னால், மேசையில், ஒரு பொம்மை.
நான் வர்ற வரைக்கும் திரும்பிப் பார்க்காதே
என்று சொல்லிவிட்டு வெளியேறுவேன்.
ஐந்து நிமிடம்.
வந்து கேட்பேன்: பார்த்தியா?
பெரும்பாலோர் பார்ப்பார்கள்.
பெரும்பாலோர் இல்லை என்பார்கள்.
அந்த இரண்டு பெரும்பாலுக்கும் நடுவில்
டாரினாவின் ஆய்வேடு.

தியோடர் ஹ்னாட்யுக், நான்கு வயது இரண்டு மாதம்,
பனிக் கால்சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டான்,
நடந்தால் சர்க் சர்க்.
ஐந்து நிமிடமும் கழுத்து அசையவில்லை.
விரல்களை எண்ணினான், பதினொன்று வந்தது,
சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினான்.
உள்ளே போய்க் கேட்டேன்.
"நான் திரும்பல."
பின்னாடி என்ன பொம்மை இருக்கும்னு நினைக்கிறே?
"ஆமை. பச்சை. ஒரு கால் இல்ல."

எடுத்துப் பார்த்தேன்.
ஒரு கால் இல்லை.
நாற்பத்தாறு குழந்தைகளுக்கு முன்னால் அதை வைத்தவர்கள்
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீடியோவுக்குக் குறியிடுவது இரண்டு பேர்,
தனித்தனி அறை, பேசிக்கொள்ளக் கூடாது.
நொடிக்கு முப்பது படம்.
நான் பூஜ்யம் போட்டேன்.
ஜோலீன் ஓகிமாவ் ஒன்று போட்டாள்.
ஒத்துப்போகாத வரி மஞ்சளாகிவிடும்.

"கழுத்தை விடு, கண்ணைப் பாரு" என்றாள் ஜோலீன்.
நூற்று நாற்பதாவது நொடி.
எதிர்ச்சுவரில்
நாங்கள் ஒளிந்து பார்ப்பதற்கென்றே பதித்த கண்ணாடி.
அதன் மறுபக்கம் நான்.
நேராகப் பார்க்கிறான்,
கண் இமைக்காமல், நெடுநேரம்.
என்னைத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்,
கொஞ்சம் இளகியும் போனேன்.
அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஆமையை.

புதன்கிழமைக் கூட்டத்தில் இருபது நிமிடம் அவனுக்கே போயிற்று.
பார்த்தானா, பார்த்தான்.
சொல்லை மீறினானா?
திரும்பி என்று நாம்தானே சொன்னோம்.
பொய் சொன்னானா?
ஜோலீன் உதட்டைப் பிதுக்கினாள்.
பேராசிரியர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரித்தார்,
சிரித்து முடித்து, நீக்கிடுங்க என்றார்.
காரணம் என்ற கட்டத்தில்
செய்முறைப் பிழை என்று தட்டினேன்.
யாருடையது என்று எழுதவும் இடமிருந்தது.

இப்போது கண்ணாடிக்குச் சாம்பல் நிறத் திரை.
கேமரா போதும்.
நாலு கால் ஆமைக்குப் பட்ஜெட் கேட்டிருக்கிறோம்.

இதெல்லாம் பிறகு.
அன்று கதவருகே அவன் அம்மா,
கையுறைகளைப் பல்லில் கவ்வியபடி,
நல்லா செஞ்சானா என்று கேட்டாள்.
சரி என்றேன்,
மூன்று மாதத்தில் ஒருபோதும் இவ்வளவு தட்டையாக வந்ததில்லை.
தாழ்வாரம் முழுக்கச் சர்க் சர்க்.
கையாட்டுவான் என்று நின்றேன்.
லிஃப்ட் வரும்வரை
ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அந்த லிஃப்டின் கதவு
பளபளவென்று துடைத்த எஃகு.