லேபிள்

‘பெர்த்தோமியே, தந்தையும் மகன்களும்’ என்றுதான்
இன்னும் இருக்கிறது புட்டியில்.
தந்தை கல்லறையில்.
மூத்தவன் லியோனில் காப்பீடு விற்கிறான்,
இளையவன் குடிப்பதே பீர்.

ஏப்ரல் உறைபனியில் விடிய விடிய
கொடிவரிசைகளுக்கு நடுவே
மெழுகு வாளிகளை ஏற்றிக்கொண்டு நடந்தவள் ஸோலென்.
கருகாமல் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு.

அதுதான் இது.
வைக்கோல் நிறம்,
பேரிக்காய்த் தோல், நனைந்த சுண்ணாம்புக்கல்,
அடிநாக்கில் ஒரு சிட்டிகை உப்பு.
கடல் நானூறு கிலோமீட்டர் தள்ளி;
யார் போட்டது இந்த உப்பை?

பாரிஸ் வியாபாரி கண்மூடி உறிஞ்சினார்:
“உங்கள் அண்ணனுக்கு அபாரமான கைப்பக்குவம், மேடம்.”
புட்டிக்கு இரண்டு யூரோ ஏற்றிச் சொன்னாள்.

மாற்றிவிடலாமே என்றார் அச்சகக்காரர்.
பழசு நாலாயிரம் கிடக்கிறது, வீணாக்குவானேன்
என்று பசை தடவுகிறாள்,
கோணாமல்.