உதறல்

மருத்துவர் ஸ்பாங்கர் சின்னப் பெண்.
ரசீதின் பின்புறத்தில் என் நுரையீரலை
இரண்டே கோடுகளில் வரைந்தாள்.
வெளிக்கோடு விலாவோடு ஒட்டியது,
உள்கோடு நுரையீரலோடு.
உண்மையில் ஒரே சவ்வுதான், திருமதி ஒந்தினா,
தன்மேலேயே மடிந்து கிடக்கிறது என்றாள்.
எனக்குப் புரிந்தது.
ஆயிரம் தலையணை உறைகளை
உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பியவள் நான்.

நடுவில் இடம் உண்டா?
இடம் என்று சொல்ல முடியாது.
ஒரு தேக்கரண்டி நீர்.
மூச்சு வந்து போக
ஒன்றின்மேல் ஒன்று வழுக்க
அது போதும்.

நேற்று என்னிடமிருந்து ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள்.
குடுவையில் வெள்ளைத் திராட்சை மதுவின் நிறம்.
பக்கத்துக் கட்டில் மிரெல்லா எட்டிப் பார்த்து
எந்த வருஷத்து விளைச்சல் என்றாள்.
சிரித்தேன். சிரித்தால் குத்துகிறது.

மற்ற சவ்வுகளையும் விசாரித்து வைத்தேன்.
முழங்காலுக்குள் ஒன்று, எண்ணெய் விடுவது;
அதை எங்கள் நான்காம் மாடி தின்று தீர்த்துவிட்டது.
வாயில் தொடங்கி அடிவயிறு தாண்டி ஒன்று,
எப்போதும் ஈரமாய்,
உலகம் வந்து போக வாசலைத் திறந்தே வைத்திருப்பது.
மூளைக்கு மூன்று போர்வையாம். இதயத்துக்குப் பை.
எல்லாவற்றுக்கும் மேலே தோல். அதுவும் சவ்வுக் கணக்கில்தான்,
சலவைச் சோடாவோடு அறுபது வருஷம் சண்டை போட்டது.
இவை எதற்கும் என்மேல் புகாரில்லை.
வாசலே இல்லாத அறை,
வெளிக்காற்றை ஒருநாளும் பார்க்காத அந்த அறை,
அதற்குள்
எப்படி வந்தது கப்பல்பட்டறை?

மோன்ஃபால்கோனேயில் சைரன் ஊதியதும்
எஜிதியோ மிதிவண்டியில் வருவான்,
புருவத்தில் பனி விழுந்தவன்போல.
கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் சுற்றுகிற பையன்கள்
மதியச் சாப்பாட்டுக்குப் பின்
அதை உருண்டை பிடித்து எறிந்து விளையாடுவார்களாம்.
சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.
நீல மேலங்கி என் பங்கு.
தண்ணீரில் போடும் முன் பால்கனியில் நின்று உதறுவேன்,
நல்ல சலவைக்கு முதல் விதி அது.
போரா காற்று வீசும் நாளில்
பாதித் தூசு திரும்பி என் முகத்துக்கே வரும்.
பதினோரு வருஷம், வாரத்துக்கு இரண்டு.
கணக்குப் போட்டேன்.
பிறகு விட்டேன்.

எஜிதியோவுக்கு எண்பத்தொன்று.
அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
சுத்தம் என்றார்கள்.
அன்றிலிருந்து இருமக்கூட வெட்கப்படுகிறான்.
தாழ்வாரத்தில், தொப்பியை மடியில் வைத்து
அடுத்த வீட்டுக் கடிதத்தைத்
தெரியாமல் பிரித்துவிட்டவன்போல உட்கார்ந்திருக்கிறான்.

நாளைக்கு உள்ளே டால்க் தூவுவார்கள்.
ஆமாம், குழந்தைகளுக்குப் பூசுவோமே, அந்த இனம்தான்,
கிருமி நீக்கியது.
இரண்டு மடிப்பும் அதில் புண்ணாகி
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
நீருக்கு இடம் இருக்காது.
தூளால் வந்ததற்குத் தூளா என்றேன்.
ஸ்பாங்கர் பேனாவை மூடினாள்.
ஒட்டிப்போனது வழுக்காதே என்றேன்.
வழுக்காது, ஆனால் மூச்சு விடலாம் என்றாள்.
ஐம்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தைப் பற்றி
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம். அது வேறு, நுரையீரல் வேறு.

இங்கே வருமுன் ஞாயிற்றுக்கிழமை
என் இரவு உடுப்பை அவனே துவைத்தான்.
சோப்பு அதிகம், அலசல் போதாது.
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.
பிழிந்து பால்கனிக்குக் கொண்டுபோய்
கொடியில் போடும் முன்
தோள் இரண்டையும் பிடித்து
ஓங்கி ஓர் உதறு.

எஜிதியோ!

இருந்த மூச்செல்லாம் அந்தப் பெயரில் போயிற்று.
ஈரத்துணி. தெறித்தது வெறும் தண்ணீர்.
எனக்கும் தெரியும்.
அவன் கையை இறக்கவில்லை,
திரும்பவும் இல்லை.
உடுப்பு அவன் செருப்பில்
சொட்டிக்கொண்டிருந்தது.