முப்பத்தொன்று

இரத்தம் சோதித்த தாளில்
வைட்டமின் டி: முப்பத்தொன்று.
ஐம்பதாவது இருக்க வேண்டுமாம்.
பள்ளிக் கணக்குப் பரீட்சையில்
நான் வழக்கமாக வாங்கும் மதிப்பெண்.

மருத்துவர் யோருனுக்கு என் மகள் வயது.
"பயப்பட ஒன்றுமில்லை" என்றாள்.
"எடுத்துக்கொண்டால் நல்லது.
எடுக்காவிட்டாலும்..."
தொலைபேசி அடித்தது.
அந்த வாக்கியத்தின் பாக்கியை
அவள் இன்னும் எனக்குத் தரவில்லை.

ஈஸாஃபியோர்துருக்கு மூன்று பக்கமும் மலை.
நவம்பர் கடைசியில் அதன் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி இருபத்தைந்தில்தான் தலைகாட்டும்.
அன்று வீட்டுக்கு வீடு
மெல்லிய அப்பம் சுட்டுக் காபி குடிப்போம்.
மேகம் மறைத்தாலும் அப்பம் உண்டு.

மீன் ஆலையில் எனக்கு இருபத்தாறு வருடம்.
காட் மீனின் வயிற்றைக் கீறி
ஈரலை நீலத் தொட்டியில் போடுவேன்.
தொட்டி ரெய்க்யாவிக் பக்கம் போகும்.
புட்டியாகத் திரும்பி வரும்,
எலுமிச்சை வாசனை பூசிக்கொண்டு,
என் ஒரு மணி நேரக் கூலியின் விலையில்.

கேத்திலுக்குச் சந்தேகமே கிடையாது.
சமையலறை ஜன்னலில் பதினொரு புட்டி:
துத்தநாகம், மெக்னீசியம், பி பன்னிரண்டு,
பெயர் வாயில் நுழையாத ஒரு வேர்.
ஞாயிறு இரவு ஏழு அறை டப்பாவில் நிரப்புவான்,
நீண்ட கயிற்றுத் தூண்டிலில் இரை கோப்பது போல
ஒவ்வொன்றாக, பேசாமல்.
போன வருடம் நடுக்கடலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.
படகைத் திருப்ப வேண்டியதாயிற்று.
சிறுநீரகக் கல்.
"கால்சியம், வைட்டமின் சி எல்லாம்
எவ்வளவு விழுங்குகிறீர்கள்?" என்று கேட்டார்களாம்.
கல்லைக் காலி வைட்டமின் சி புட்டியிலேயே போட்டு
அதே ஜன்னலில் வைத்திருக்கிறான்.
இரண்டு மாத்திரையை நிறுத்தினான்,
ஒன்றைச் சேர்த்தான்.

அவன் தங்கை ஸ்வான்லோய்க்
எதையும் தொடமாட்டாள்.
"கடைக்காரன் பிழைக்க நான் ஏன் விழுங்கணும்?"
சென்ற மாதம் தபால் நிலைய வாசலில் வழுக்கி
மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.
கேத்தில் என்னைப் பார்த்தான்.
"பனியில் விழுந்தால் எவனுக்கும்தான் முறியும்" என்றாள்
கட்டுப் போட்ட கையை ஆட்டி.
அதுவும் சரிதான்.

சின்ன வயதில் இந்தக் குழப்பம் இல்லை.
மூக்குத் தகர ஜாடியோடு ஆசிரியை வருவாள்,
வரிசையாக வாயைத் திறப்போம்,
மீனெண்ணெய் இறங்கும்.
எவளும் எங்களிடம் யோசனை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன்.
அலமாரி முழுக்க
என்னைவிட ஆரோக்கியமான பெண்கள் சிரித்தார்கள்.
நானூறு, ஆயிரம், நாலாயிரம் என்று எண்கள்.
கண்ணாடியை வீட்டில் விட்டிருந்தேன்.
"உதவட்டுமா?" என்று கேட்ட பெண்ணிடம்
கைக்குப் பூசும் களிம்பு ஒன்று வாங்கிக்கொண்டு
வெளியே வந்தேன்.
மாலை நான்கு மணி, கும்மிருட்டு.

திங்கட்கிழமை வேலை முடியும் நேரம்
ஓர் ஈரலைத் தொட்டியில் போடாமல் நின்றேன்.
பெரியது. வெளிறிய பழுப்பு.
கையுறையைத் தாண்டியும் வழுக்கியது.
மேற்பார்வையாளன் வேறு பக்கம் பார்த்தான்,
அல்லது பார்ப்பதாகக் காட்டிக்கொண்டான்.
பையில் சுற்றி எடுத்து வந்து
உப்பு நீரில் வேகவைத்தேன்,
கம்பு ரொட்டியில் தடவி வைத்தேன்.
கேத்தில் முகர்ந்துவிட்டு,
"இதில் எத்தனை மைக்ரோகிராம்?" என்றான்.
"தெரியாது. ஒரு மீன் அளவு."
பாதியை அவனே தின்றான்.

செவ்வாயன்று புட்டியும் வாங்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அவன் பதினொன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி
என்னுடையது நிற்கிறது.
சில காலையில் ஒரு கரண்டி.
சில காலையில் மறதி.
சில காலையில் மறந்ததாக நானே நினைத்துக்கொள்வது.

ஜனவரி இருபத்தைந்தில் பனி கொட்டியது.
மலை இருந்த இடமே தெரியவில்லை.
அப்பம் சுட்டோம்.
ஸ்வான்லோய்க் ஒற்றைக் கையால் சர்க்கரை தூவினாள்.

மார்ச்சில் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்.
எண் ஏறியிருந்தால்
ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.
இறங்கியிருந்தால்
யோருன் அந்த வாக்கியத்தை முடித்துத்தான் ஆக வேண்டும்.