எண் பதினேழு

ஔலுவில் பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
யாராக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் வர வேண்டும்:
மூன்று யூரோ, ஒரு கோட்டு, பதிலுக்கு
எண் பொறித்த வில்லை.
நானூறு கோட்டு. அத்தனையும் கறுப்பு.
வில்லையைத் தொலைத்தவனுக்குத் தேடிக் கொடுப்பது
இருட்டுக்குள் இருட்டைத் துழாவுகிற வேலை.

வரிசையில் நிற்கையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே
இன்னொரு ஆள் நிற்கும் இடம் விடுவார்கள்.
பேச்சில்லை.
இதே ஆட்கள் இன்னும் ஒரு மணி நேரத்தில்
தோளால் தோளை இடிப்பார்களாம்,
விழுந்தவனை நாலு கை தூக்கி நிறுத்துமாம்.
நான் பார்த்ததில்லை.
பதினொரு வருடமாக நான் கேட்டதெல்லாம்
சுவரின் இந்தப் பக்கம்.

சுவரொட்டியில் மூன்று குழு. அடியில், சின்னதாக,
முதலில் வாசிக்கிறவர்கள்.
பிடுங்கிப்போட்ட வேர் மாதிரி ஒரு கிறுக்கல்;
எந்த எழுத்து எங்கே தொடங்குகிறதென்று
அச்சடித்தவனுக்காவது தெரிந்திருக்குமா.
கெமியிலிருந்து வேனில் வந்த நான்கு பேர்.
மதியமே கோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.
வாசிக்கிறவர்களுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
பேஸ் கிதார்க்காரி மட்டும்
மூன்று யூரோவைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
பதினேழு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏழரைக்கு அவர்கள் தொடங்கியபோது
ஜனம் என் முன்னால்தான் நின்றது.
ஜிப்பை இழுக்கிறார்கள்,
கையுறையைக் கோட்டின் கைக்குள் திணிக்கிறார்கள்,
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கிறார்கள்.
உள்ளே முப்பது பேர் இருந்தால் அதிகம்.
அப்போது இரண்டு காலாலும் டிரம்மை மிதித்தான் பாருங்கள்,
கம்பி நடுங்கியது. ஹேங்கர்கள் உரசின.
கோட்டுகள் ஆடத் தொடங்கின.
காலர் முன்னே சரிய,
தலையே இல்லாத முக்காடுகள் தலையாட்ட,
வரிசை வரிசையாக.
அந்தக் குழுவுக்கு அன்று கிடைத்த பெரிய கூட்டம்
என்னிடம் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டில் எங்கோ
தாளம் ஒரு படி தவறி, நொண்டி,
ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.
அரை மணி நேரம்தான். கைதட்டல் விழுந்தது,
தகரத்தில் முதல் தூறல்போல, அங்கொன்று இங்கொன்று.

இரண்டாவது குழுவுக்குள் வரிசை கரைந்துவிட்டது.
பெரிய குழுவைப் பற்றி நான் என்ன சொல்ல.
பிசிறில்லாமல் வாசித்தார்கள்.
என் காபியில் வட்டம் வட்டமாக அலை.
கூரையின் பனி மொத்தமாகச் சரிந்து தெருவில் விழுந்ததென்று
வாசல் காவல் ரெய்யோ ஓடிவந்து சொன்னான்.
அவனுக்கு ஏதாவது விழுந்தால் போதும்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது.
உடம்பெல்லாம் ஆவி பறக்கும் மனிதர்கள்.
ஒருவன் காலில் ஒற்றை ஷூ, முகம் நிறையச் சிரிப்பு.
இப்போது யாரும் இடைவெளி விடவில்லை.
முன்பின் தெரியாதவன் தோளில் சாய்ந்தபடி
எண்ணைக் கத்தினார்கள், எனக்குக் காது கேட்காததுபோல.
அவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

கடைசியில் கம்பியில் ஒன்று மிச்சம்.

நள்ளிரவு தாண்டி வந்தாள். ஈரத் தலை, பாதிக் குரல்.
தன் முறை முடிந்ததும் கீழே இறங்கி
முன்தடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றிருக்கிறாள்;
உள்ளங்கை இரண்டிலும் சிவந்த கோடு.
"எங்களைக் கேட்டீர்களா?"
"கேட்டேன். மூன்றாவது பாட்டுக்குக் கோட்டெல்லாம் ஆடிற்று."
"ஐயோ, அதில்தான் தப்பாக வாசித்தோம்."
"அதுகளுக்குத் தெரியவில்லை."
சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

குழுவின் பெயரைக் கேட்டேன். சொன்னாள்.
அந்த நேரம் பார்த்துத் தெருவில்
பனி வாரும் வண்டி.
மறுபடி கேட்கக் கூச்சம்; புரிந்ததுபோல் தலையாட்டினேன்.
வெளியே நான்கு பேர் வேனைத் தள்ளினார்கள்.
அது உறுமி, நின்று, நொண்டி,
எப்படியோ கிளம்பிப் போனது.

மறுநாள் கணக்கில் ஒரு வில்லை குறைந்தது.
பதினேழு.
உடைந்துவிட்டது என்று எழுதி வைத்தேன்.