வினா மூன்று, பகுதி ஆ

சேனைப் பயிர்ச்செய்கையின் தீமைகள் நான்கு தருக.
தந்தேன்.
மண்ணரிப்பு. காடழிப்பு.
ஈரலிப்பு இழப்பு. குறைந்த விளைச்சல்.
வாழைச்சேனைப் பரீட்சை மண்டபத்தில்
ஒற்றை மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது.
அந்த நேரம் அப்பா
குஞ்சங்குளத்துக்கு மேற்கே பரணில் ஏறி
இறுங்குக்கு வந்த கிளிகளைக் கலைத்துக்கொண்டிருந்தார்.
நான்குக்கு நான்கு கிடைத்திருக்கும்.

இசட் புள்ளி ஒரு மயிரிழையால் போதவில்லை.
பிறகு யாரோ ஒரு பிள்ளை
வெளிநாடு போயிற்று,
கதிரைச் சூடு ஆறமுன் என்னை அழைத்தார்கள்.
எங்கள் ஊருக்குக் கடிதம் வருவதில்லை.
வாகரைச் சந்திக் கடைக்கு வரும்.
யாராவது தேன் விற்கப் போகிற அன்று
போத்தல் காசோடு அது வீட்டுக்கு வரும்.
பதினேழு நாள் பிந்தி வந்தது.
பதிவுக்கு மிச்சம் நான்கு நாள்.

கிராம சேவகர் தவநேசன் நல்லவர்.
"இனம்?" என்றார்,
கேட்பது தானல்ல, படிவம் என்பதுபோல் சிரித்தார்.
வேடர் என்று போடுங்கள்.
"அப்பிடி ஒரு கட்டம் இல்ல புள்ள."
ஏனையவை என்று ஒன்று இருந்தது,
பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்குப் புள்ளிக்கோடு.
அதில் எழுதினால் கணினி ஏற்காதாம்.
எழுதாவிட்டால் நான் ஏற்க மாட்டேன்.
கனநேரம் யோசித்து
பென்சிலால் எழுதினார்.

வந்தாறுமூலையில் முதல் கிழமையே ஒரு பதாகை:
பின்தங்கிய சமூகங்களுக்கான நுழைவுப் பாதைகள்.
மேடையில் ஐந்து பேர், ஐந்து தண்ணீர்ப் போத்தல்.
இந்த மாவட்டத்தில் பிறந்தவருக்குத் தெரியும்
பாதை என்றால் தெரு மட்டுமல்ல.
ஆற்றில் மிதக்கிற பலகைத் தட்டு,
மோட்டார் சைக்கிளும் ஆடும் ஆசிரியர்மாரும் ஏறுவது.
அக்கரையில் நின்று கூப்பிட்டால் வரும்.
தள்ளுகிறவர் சாப்பிடப் போயிருந்தால்
வராது.
கேள்வி உண்டா என்று கேட்டார்கள்.
பாதைக்காரருக்கு யார் சம்பளம் கொடுப்பது
என்று கேட்கத்தான் இருந்தேன்.
கடைசி பஸ் போய்விடும், எழும்பிவிட்டேன்.

இரண்டாம் வருடம் மண்ணியல் செய்முறை.
அவரவர் ஊர் மண்ணில் ஆறு மாதிரி கொண்டு வா என்றார்கள்.
ஓட்டமாவடி ஷிஃப்னா வயல் மண் கொண்டு வந்தாள்,
கறுப்பாய், நெய் மாதிரி.
என் பைக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார்.
மண் என்றேன்.
"இஞ்ச இல்லாத மண்ணா?"

ஒன்பது வருடம் ஓயவிட்ட துண்டில்
காபன் நன்றாக இருந்தது.
சேர் கண்ணாடியைக் கழற்றி மீண்டும் போட்டுப் பார்த்தார்.
மூன்றாம் வருடமே திரும்பக் கொத்தியதில்
புத்தகம் சொன்னபடியே இருந்தது,
அரிப்பு, வறட்சி, எல்லாம்.
இரண்டு துண்டுக்கும் நடுவில்
வன இலாகா நட்ட கல் நிற்கிறது.
நல்ல மண் கல்லுக்கு அந்தப் பக்கம்.
அறிக்கையில் கல்லுக்கு நிரல் கிடையாது,
அடிக்குறிப்பில் போட்டேன்.

"என்னவாம் மண்?" அப்பா கேட்டார்.
காபன் காணாதாம்.
அவர் பீடியைக் காதில் செருகினார்.
"கல்ல பின்னுக்குத் தள்ளினா எல்லாம் காணும்."

இந்த வருடம் மதுசிகா பரீட்சை எடுக்கிறாள்,
எங்கள் பக்கத்திலிருந்து இரண்டாவது ஆள்.
பழைய வினாத்தாளை என் கட்டிலில் விரித்து வைத்து
பகுதி ஆவுக்கு என்ன எழுத என்கிறாள்.
அந்த நாலையும் எழுது. உள்ளே வா முதலில்.
"மிச்ச இடம்?"
மிச்ச இடத்துக்குப் புள்ளி இல்லை.
அவள் பேனை மூடியைக் கடித்தாள்.
தாளைச் சாய்த்து
விரலால் அளந்தாள்.
"மூண்டு வரி எழுதலாம் போல கிடக்கு அக்கா."